பதினான்காம் நபரின் தங்கை

எங்கள் குடும்பத்தில் யாரையும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. கோழிக்குக்கூடப் பெயர் உண்டு. அறுக்கும் நாள்வரை அதே பெயர்தான். ஆகவே, பல்கலைக்கழகத்து நடுவத்தின் கண்காட்சிச் சுவரில் என் அக்காவின் படத்துக்குக் கீழே 'நபர் 14' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிழை இல்லை, கொள்கை என்றார்கள்.

நடுவத்தின் முழுப்பெயர் 'பாலினம், பாலீர்ப்பு மற்றும் சமூகநீதிக் கொள்கை உயராய்வு நடுவம்'. வாசலைவிடப் பெயர்ப்பலகை அகலம். பலகையின் கடைசிப் பகுதி திரும்பிப்போய்ப் பக்கத்துக் கழிவறைச் சுவரில் முடிகிறது. பெண்களுக்கும், வேறுவிதமாக நேசித்தவர்களுக்கும் நாடு செய்த அநியாயங்களை ஆராய்ந்து அரசாங்கத்துக்குக் கொள்கை வகுத்துக் கொடுப்பது இவர்கள் வேலை. நல்ல வேலைதான். நானும் கைதட்டியிருப்பேன், என் வீட்டுப் பெண்ணை அவர்கள் தொடாமல் இருந்திருந்தால்.

என் அக்காவின் பெயர் சியாவ் போங்-சி; சியாவ் எங்கள் குடும்பப்பெயர். 'போங்-சி' என்றால், வந்தது வந்துவிட்டது, வளர்த்துத் தொலைப்போம் என்று பொருள். பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தால் அந்தக் காலத்தில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். மூன்று வருடம் கழித்து நான் பிறந்தபோது அப்பாவுக்கே கொஞ்சம் வெட்கமாகி, யூ-லுவான் என்று நல்ல பெயராகத் தேடி வைத்தார். குடும்பப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் ஊராரின் பெயர்களை எழுதியவள் நான். "ஒரு மனு குடு, ஒரே நாள்ல மாத்தித் தரேன்" என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "எதுக்குடி? வளத்துட்டாங்கல்ல, இனி எங்க தொலைப்பாங்க, பாக்கலாம்" என்பாள். யுவான்லின் ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் திறந்து, 'போங்-சி மோட்டார்' என்று ஆறடிப் பலகையில் சிவப்பெழுத்தில் எழுதி மாட்டினாள்.

கூடவே இருந்தவள் குவோ ஜின்-யே அக்கா. ஒரே கடை, ஒரே அடுப்பு, ஒரே கட்டில், முப்பத்தெட்டு வருடம். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கேட்டவர்களின் வண்டிக்கு பிரேக் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

நான்கு வருடத்துக்கு முன் அக்கா போனாள். கல்யாணமாகாத பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுப் பூஜைமாடத்தில் ஏறக்கூடாது என்று பங்காளிகள் மூவரும் வந்து நின்றார்கள். இரண்டு வருடம் சண்டை. அதில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. கடைசியில் மாடத்தில் அப்பாவின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அக்காவின் பெயரையும் ஒரு பலகையில் பொன்னெழுத்தில் ஏற்றினேன். மூன்று பங்காளிகளின் வாயிலிருந்து பிடுங்கி வைத்த பெயரைத்தான் நடுவம் வழித்துப்போட்டு, பதினான்கு என்று எழுதியிருந்தது.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடை வாசலில் எடுத்தது. கையில் ஸ்பேனர், கையில்லாத பனியன், காது வரைக்கும் சிரிப்பு. பக்கத்தில் ஜின்-யே அக்கா அவள் தோளில் கைபோட்டு நிற்பாள். ஆய்வுக்கென்று ஒரு பெண் கேக் பெட்டியும் ஒலிப்பதிவுக் கருவியுமாகக் கடைக்கு வந்து, ஜின்-யே அக்காவிடம் ஒரு நாள் முழுக்கக் கதைகேட்டு, அந்தப் படத்துக்குப் பிரதி எடுத்துப் போயிருந்தாள். சுவரில் பார்த்தால், அக்காவின் கண்கள்மேல் கறுப்புப் பட்டை. கடைப் பலகை மங்கலாக்கப்பட்டிருந்தது. சம்மதப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போடாததால் ஜின்-யே அக்காவை வெட்டிவிட்டார்கள். தோள்மேல் கிடந்த கை மட்டும் மிச்சம். கீழே இப்படி இருந்தது: 'நபர் 14. பெண், தொழிலாளி. வாழ்நாள் முழுதும் வெட்கத்தில் ஒளிந்து வாழ்ந்தவர். தோளை அழுத்தும் ஆணாதிக்கத்தின் கரத்தைக் காண்க.'

எழுபத்தொன்பது வயது ஜின்-யே அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அப்படியே சொன்னேன்.

"எதோட கரம்?" என்றாள். காது கொஞ்சம் மந்தம்.

"ஆணாதிக்கத்தோட கரம்."

தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதாடி?" என்றாள். பிறகு, "அவ ஒளிஞ்சாளாமா? ஊர்ல பாதிப்பேர் அவ சத்தம் தாங்காமத்தான் ஒளிஞ்சாங்க. லுவான், நான் கண்ண மூடறதுக்குள்ள அவ பேரோட அவ மூஞ்சிய அந்தச் சுவத்துல நான் பாக்கணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் வாக்குக் கொடுப்பதென்றால் தலையை ஒரு முறை அசைப்பது. அசைத்தேன்.

நடுவத்தின் இயக்குநர் பேராசிரியர் ஃபெங் குவோ-தோங், ஐம்பத்தெட்டு வயது ஆண். கேட்கும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். செவிமடுத்தலுக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர் என்று சுவரில் சான்றிதழ் தொங்கியது.

"சியாவ் அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது" என்றார்.

"வலி ஒண்ணும் இல்லீங்க. பேரு தப்பா இருக்கு."

"அந்தப் பேர் இருக்கே, அதுவே ஒரு வன்முறை. 'வளர்த்துத் தொலைப்போம்'! ஒரு குழந்தைக்கு வைக்கிற பேரா? அந்தச் சுமைய நாங்க அவங்க தோள்லேருந்து இறக்கி வெச்சிருக்கோம்."

"இறக்கச் சொல்லி அவ கேட்டாளா?"

"ஒடுக்கப்பட்டவங்க கேக்கமாட்டாங்கம்மா. அதனாலதான் நாங்க இருக்கோம்."

முறைப்படி விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். செயலாளர் லாய் என்ற பெண் படிவத்தை எடுத்துவந்தாள். நாற்பது வயதிருக்கும், பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியம். படிவத்தில் முதல் வரி: 'பெயர் வெளியிடக் கோரும் நபரின் கையெழுத்து.'

"அவ செத்துட்டாம்மா."

"அப்ப மரணச் சான்றிதழ் வேணுங்க. கூடவே நீங்க அவங்க தங்கச்சின்னு குடும்பப் பதிவு நகல்."

இரண்டும் பையில் இருந்தன. நான் எடுத்துக்கொண்டு வராமல் வேறு யார் எடுத்துக்கொண்டு வருவது? லாய் அவற்றைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "இதுல சியாவ் போங்-சின்னு இருக்குங்க."

"அவதானே?"

"நபர் 14 யாருங்கறது ரகசியம். சியாவ் போங்-சிதான் நபர் 14ன்னு நாங்க ஒத்துக்கிட்டா ரகசியம் வெளிய போயிடும். அதனால உங்க அக்காவ எங்களுக்குத் தெரியாதுங்க." காகிதங்களைத் திருப்பித் தந்து, "மன்னிச்சுக்குங்கம்மா. இப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

மாதம் ஒருமுறை போனேன். நான்காவது மாதம் போனபோது உள்ளே நடுவத்தை நடத்தும் குழுவின் கூட்டம். இயக்குநரே வெளியே வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்து, வருகைப் பேரேட்டில் கையெழுத்து வாங்கினார். பேசவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சிவப்பு அட்டை போட்ட நியமனக் கடிதம் வந்தது: 'சமூகப் பெரியோர் உறுப்பினர்.' என் பெயர் பொறித்த மேசைப் பலகையும் செய்துவைத்திருந்தார்கள். என் பெயரை எழுத அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

குழுவில் ஒன்பது பேர். ஆறு பேர் ஆண் பேராசிரியர்கள். நடுவத்தில் பாடம் நடத்தும் பெண்கள் பதினேழு பேர். எல்லோரும் ஒப்பந்தம், ஆகவே குழுவுக்குத் தகுதியில்லை. மீதி மூன்று பேரில் ஒருத்தி இரண்டு வருடமாக ஜெர்மனியில் விடுப்பில் இருந்தாள். இன்னொருத்தி லாய், ஒப்பந்தமானாலும் செயலாளர் என்பதால் விதிப்படி இடம் உண்டு; அவள் உறுப்பினர் என்பது குறிப்பேட்டில் மட்டும் தெரியும், கூட்டத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். மூன்றாவது நான்.

ஒவ்வொரு கூட்டமும் 'குரலற்றோர் குரல்' என்னும் சடங்கோடு தொடங்கும். இயக்குநர் சின்ன வெண்கல மணியை அடிப்பார். குரலற்ற மக்களை மதித்து அனைவரும் ஒரு நிமிடம் மௌனமாக இருக்க வேண்டும். முதல் தடவை, மணி எனக்காகத்தான் அடிக்கிறது என்று எண்ணி, "என் அக்கா விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்" என்றார் பேராசிரியர் தௌ. ஆண்மை ஆய்வில் வல்லுநர். "குரலற்றவங்க பேசற நேரம்மா இது. குறுக்க பேசாதீங்க."

என் விஷயம் நிகழ்ச்சிநிரலில் பன்னிரண்டாவது. ஏழாவது வரும்போது சாப்பாட்டுப் பெட்டிகள் வந்துவிடும். பன்றி விலா வறுவல், அவித்த முட்டை, முட்டைக்கோஸ். சாப்பிட்டதும் பதாகைக்கு முன்னால் நின்று விரல்களால் இதயம் போல வைத்துப் படம் எடுப்பார்கள். என்னை எப்போதும் நடுவில் நிறுத்துவார்கள். ஐந்து கூட்டம் இப்படியே போயிற்று. ஒரு கூட்டத்தில் ஆறாவது விஷயமாக, கழிவறைச் சுவருக்குப் போன பலகையின் பகுதி சமத்துவத்துக்கு விரோதமா என்று ஆராயத் துணைக்குழு அமைத்தார்கள். நான் முட்டையை மட்டும் தின்றுவிட்டு விலாவை ஜின்-யே அக்காவுக்கு எடுத்துப் போவேன்.

"என்ன சொன்னானுங்க?" என்று கேட்பாள்.

"மணி அடிச்சாங்க."

"கோயில் கட்டறானுங்களா?"

ஆறாவது கூட்டத்துக்குப் பிறகு, காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த லாய், நடுவத்தின் விதிப்புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, படிங்கம்மா" என்றாள். வாசல்வரை வந்து, "நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. பக்கம் இருபத்தொண்ணுலயும் ஒண்ணும் இல்ல" என்றாள்.

பேருந்தில் படித்தேன். விதி வாசிப்பது எனக்குக் கஞ்சி குடிப்பது மாதிரி. இருபத்தோராம் பக்கம் சொன்னது: குழுவில் ஆணோ பெண்ணோ எந்தத் தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அந்தக் கணமே குழு இல்லை என்று பொருள், குழு இல்லாத நடுவம் எதையும் தீர்மானிக்கவோ மாற்றவோ அகற்றவோ முடியாது, அரசாங்கத்தின் மதிப்பீட்டுக்கும் தகுதியில்லை.

என்னை ஏன் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள் என்பது யுவான்லின் நிறுத்தத்தில் புரிந்தது. சியாவ் குடும்பத்துப் பெண் ஒருத்தியைச் சுவரில் எண்ணாக்கினார்கள். இன்னொருத்தியை நாற்காலியில் எண்ணாக்கியிருந்தார்கள்.

இறங்கி வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரிதான். பிறகு மதிப்பீட்டு நாளுக்காகக் காத்திருந்தேன். பழிவாங்க நினைப்பவருக்கு அலுவலக அனுபவம் நல்ல துணை. எந்த மனுவையும் சரியான நாளில் கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

மதிப்பீட்டு நாளன்று தலைநகரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தலைவி மேடம் ட்ஸெங், ஒல்லியான பெண்மணி. பேனா மூடியைக் கழற்றிவைத்தபடியே பேசுவார். தங்கச் சான்று கிடைத்தால் நடுவம் அடுத்த ஐந்து வருடம் நிலைக்கும், இயக்குநர் துணைவேந்தர் ஆவார் என்று பேச்சு. கூட்டத்தைக் கண்காட்சிச் சுவருக்கு முன்னாலேயே வைத்தார்கள். ஜெர்மனிக்காரி திரையில் வந்தாள். அங்கே விடியற்காலை, தலை வாரியிருக்கவில்லை. இயக்குநர் மணியை அடித்தார். மௌனம்.

மௌனத்தின் நடுவில் எழுந்து, கடிதத்தை மேடம் ட்ஸெங்கின் பக்கம் நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"ராஜினாமாங்க. குழுவிலேருந்து."

"உஷ்..." என்றார் தௌ, பழக்கதோஷத்தில்.

மேடம் ட்ஸெங் எங்களை எண்ணினார். பேனா முனையால், ஒவ்வொருவராக. "எட்டு பேர்ல ரெண்டு பெண்கள். மூணுல ஒண்ணு வரலையே. இத வாங்கிட்டா உங்க குழு இல்லாமப் போயிடும், டைரக்டர். இதுக்கு மேல என் படிவம் போகாது."

ஃபெங்கின் தலை சாய்ந்தபடியே நின்றுவிட்டது. "சியாவ் அம்மா! உக்காருங்க. தயவுசெஞ்சு. என்ன இது, குடும்பத்துல ஒருத்தர் மாதிரி..."

"குடும்பத்துல ஒருத்தர அந்தச் சுவத்துல வெச்சிருக்கீங்க. அவ பேர் என்னன்னு சொல்லுங்க, உக்காரறேன்."

அவருக்குத் தெரியவில்லை. பொருளைச் சொல்லி வன்முறை என்றவருக்கு, பதினொரு மாதம் நான் விண்ணப்பித்தும், பெயர் மறந்துபோயிருந்தது.

மேடம் ட்ஸெங் உதவத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். "இன்னொரு வழி இருக்கு. ஆண் உறுப்பினர்கள்ல ரெண்டு பேர் விலகினா ஆறுக்கு ரெண்டு. கணக்கு சரியா வரும். யார் விலகறீங்க?"

பேராசிரியர் தௌ முதலில் தொண்டையைச் செருமினார். "ஆண்கள் பொறுப்பிலிருந்து நழுவுகிறார்கள் என்பதுதான் என் இருபது ஆண்டு ஆய்வின் முடிவு. நானே நழுவினால் ஆய்வு என்ன ஆவது? இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் இன்றைய ஆணின் தியாகம்."

கொள்கைப் பிரிவின் தலைவர் எழுந்தார். "அதிகாரப் பகிர்வு பற்றி மூன்று நூல் எழுதியிருக்கிறேன். நான்காவது அச்சில் இருக்கிறது. அது வெளிவரும்வரை அதிகாரத்தில் இருப்பது அவசியம்."

மற்றொருவர் நேர்மையானவர். "புதன்கிழமை மத்தியானம் இந்தக் கூட்டம் இல்லேன்னா, வீட்ல பாத்திரம் கழுவச் சொல்வாங்க" என்றார்.

கடைசியில் ஃபெங். "இருபத்தாறு ஆண்டுகளாகப் பெண்களுக்காக நான் பேசிவருகிறேன். ஒரு பெண் குறுக்கே பேசி இதுவரை அது தடைப்பட்டதில்லை. இன்றா தடைப்பட வேண்டும்?"

மேடம் ட்ஸெங் இதை அப்படியே எழுதிக்கொண்டார். லாய் தேநீர்க் கெண்டியை மேசையில் வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சியாவ் அம்மா, என்ன வேணும் உங்களுக்கு? சொல்லுங்க" என்றார் ஃபெங். பயிற்சியில்லாத குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"பேர் ஏறணும். கண்ணு திறக்கணும். அந்தக் கை யாரோடதுன்னு எழுதணும். 'வெட்கம்', 'ஒளிஞ்சு'ங்கற ரெண்டு வார்த்தையும் போகணும். அது சுவத்துல ஏறி முடியறவரைக்கும் நான் இந்த நாற்காலியில உறுப்பினரா இருப்பேன்."

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டாவது விஷயம் முதலாவது ஆனது. நான்கு நிமிடத்தில் ஒன்பது கைகளும் உயர்ந்தன. ஜெர்மனிக் கை கொஞ்சம் தாமதமாக. பையில் துணி சுற்றி வைத்திருந்த அசல் படத்தை எடுத்தேன். சட்டம் போட்டது. கொள்கைப் பிரிவின் தலைவர் நாற்காலிமேல் ஏறிப் பழையதைக் கழற்ற, தௌ திருப்புளி எடுத்துக்கொடுக்க, இரண்டு பெண்களும் முழுசாகச் சுவரில் ஏறினார்கள். அட்டையில் எழுத ஃபெங் பேனாவை எடுத்து, எந்த எழுத்து என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நானே எழுதினேன்: 'சியாவ் போங்-சி, ஒர்க்‌ஷாப் முதலாளி. தோளில் கைபோட்டிருப்பவர் குவோ ஜின்-யே. முப்பத்தெட்டு வருடம்.' முப்பத்தாறு வருடம் எழுதிய கை, ஒரு கோடுகூடக் கோணவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். ஃபெங் விரல்களால் இதயம்கூட வைத்தார்.

நான் கடிதத்தை மறுபடி மேடம் ட்ஸெங்கிடம் கொடுத்தேன்.

"அம்மா! சொன்ன வார்த்தை..." என்றார் ஃபெங்.

"ஏறி முடியறவரைக்கும்னுதானே சொன்னேன். ஏறிடுச்சு." எங்கள் குடும்பத்தில் யாரும் வார்த்தை தவறியதில்லை.

மேடம் ட்ஸெங் கடிதத்தில் தேதியும் நேரமும் குறித்து, பேனா மூடியைப் போட்டார். "மூணு மாசத்துல மறுமதிப்பீடு. அதுவரைக்கும் நீங்க எதையும் தீர்மானிக்க முடியாது, டைரக்டர். சுவத்துல இருக்கறத ஒரு ஆணியளவுகூட அசைக்க முடியாது" என்றார். அவர் போகும்போது என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தார்.

மறுநாள் ஜின்-யே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவருக்கு முன் வெகுநேரம் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நின்றாள். "மூக்குல கிரீஸ்" என்றாள். "தொடைச்சுக்கடின்னு அன்னிக்கே சொன்னேன்." திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

பத்து நாள் கழித்து, ஆப்பிள் பெட்டியோடு ஃபெங் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்துப்பட்டை இல்லை. பதினேழு ஒப்பந்தப் பெண்களையும் கேட்டுப் பார்த்தாராம். நிரந்தரமாக்கினால் வருகிறோம் என்றார்களாம். லாய்தான் அவர்களுக்குத் தலைமையாம். அது கொள்கைக்கு ஒத்துவராதாம். மாதம் ஒரு புதன்கிழமை நான் வந்து உட்கார்ந்தால் போதுமாம். பேச வேண்டிய சிரமம்கூட இல்லையாம்.

"குழு மறுபடி அமைஞ்சா முதல் தீர்மானம் என்னவா இருக்கும்?" என்று கேட்டேன்.

"கண்காட்சிய... ஒரே சீரா... ஒரு சின்ன மறுபரிசீலனை" என்றார்.

ஜின்-யே அக்கா ஆப்பிளை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இது நான் தனியா முடிவு பண்றதில்லீங்க" என்றேன். "எங்க வீட்ல பெரியவங்களக் கேட்டுத்தான் செய்வோம். மாடத்துல இருக்கா, கேளுங்க."

ஊதுவத்தி கொடுத்தேன். வழக்கப்படி அவர் தன் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் அக்காவின் பலகைக்கு உரக்கச் சொன்னார். பிறகு பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் அவர் கையில் வைத்தேன். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.

"சியாவ்... போங்-சி அம்மா" என்றார், தட்டுத்தடுமாறி. "உங்க தங்கச்சி குழுவுக்கு வரலாமா?" போட்டார். இரண்டும் மல்லாந்தன.

பணிவாகக் குனிந்து எடுத்து மறுபடி கேட்டார். மறுபடி மல்லாந்தன. மூன்றாவது தடவை ஒரு கட்டை நாற்காலிக் காலில் இடித்து, கொஞ்ச நேரம் ஆடி, அதுவும் மல்லாந்தது.

"என்னடி சொல்றா?" என்று கத்தினாள் ஜின்-யே அக்கா.

"சிரிக்கிறா."

"ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாளே." ஒரு துண்டு ஆப்பிளை வாயில் போட்டுக்கொண்டாள். "இன்னொரு தடவை போடச் சொல்லு அவர."

பேராசிரியர் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியில் கைவிட்டுக் கட்டையைத் தேடினார்.